காரைதீவு மச்சான்

கல்முனையில் கிட்டார் செய்யும் ஹனீபா காக்காவின் பட்டறைக்குள் நின்று வெளியே பார்க்கிறேன். நான் ஏற வேண்டிய மட்டக்களப்பு பஸ் நிற்கிறது. தேநீர் குடிக்கப் போன சாரதி வருவதற்குள் இரண்டு கிட்டார்களில் ஒன்றை எடுத்துவிட வேண்டும். கறுத்தது மந்தமாக ஒலிக்கிறது. மஞ்சளில் விரல் பட்டதுமே என் நெஞ்சுக்கூடு அதிர்கிறது.

“இதுதான் காக்கா.”

“எங்க பயணம், தம்பி?”

“குவைத்துக்கு.”

“அப்ப அது வேணாம். கடல் ஈரம் குடிச்ச பலகை. அங்கத்தச் சூட்டுல வெடிச்சிடும். கறுப்பு பழங்கதவுப் பலகை, தாங்கும்.”

சாரதி தேநீர்க் கடையிலிருந்து இறங்குகிறார். என்னால் மஞ்சளைக் கீழே வைக்க முடியவில்லை.

“எனக்கில்ல, காக்கா. இஞ்ச பக்கத்துல, காரைதீவில இருக்கிற மச்சானுக்கு.”

அவர் முகம் மலர்கிறது.

“ஓம், அப்ப சரி. அவரக் கூட்டிட்டு வாங்க. வாசிக்கிறவர்ர விரலப் பாத்து, கம்பிர உயரத்தச் சரிபண்ணாம நான் ஒண்டும் குடுக்கிறல்ல.”

என் கையிலிருந்து மெல்ல அதை வாங்குகிறார். ‘காரைதீவு மச்சான்’ என்று கடதாசித் துண்டில் எழுதிக் கட்டி, ஆணியில் மாட்டுகிறார்.

காரைதீவில் எனக்கு யாருமே இல்லை. பஸ் ஹோர்ன் அடிக்கிறது. வெறுங்கையோடு ஓடுகிறேன்.