கிடங்கு எண்ட ஒரு சொல்லு

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுறாள். "அம்மா, விஷயத்துக்கு வாங்கோ" எண்டு அவள் இடையில இடையில சொல்லுவாள். அதையும் சேத்து எழுதடி எண்டிருக்கிறன்.

நான் இந்தோனேசியாவைக் கண்ணாலயும் கண்டதில்லை. ஆனா அங்க ஒரு மலையடிவார ஊரில எப்பிடி இருக்கவேணும், வீடு எப்பிடி எடுக்கவேணும், காணி ஆற்ற பேரில இருக்கலாம், ஆற்ற பேரில இருக்கேலாது எண்டெல்லாம் டென்மார்க்கில இக்காஸ்ட் எண்ட ஊரில இருந்துகொண்டு ஒரு குடும்பத்துக்குச் சொல்லிக் குடுத்த ஆள் நான்தான். சிரிப்பீங்கள். அதுகளும் நான் சொன்னதை வேதவாக்கா எடுத்துதுகள். அதுதானே பிழைச்சது.

தங்கச்சியின்ர மகள், எனக்குப் பெறாமகள். என்னைப் பெரியம்மா எண்டு கூப்பிடுறவள். வன்னியில சண்டை முடிஞ்சு, முகாமில கிடந்து, எப்பிடியோ வெளிக்கிட்டு, புருஷனோடயும் ஆறு வயசுப் பொம்பிளைப் பிள்ளையோடயும் மலேசியா போய், அங்கயிருந்து வள்ளத்தில இந்தோனேசியாவுக்குப் போய்ச் சேந்தாள். அகதிக் கந்தோர்க்காரர் கூப்பிடுமட்டும் அந்த மலையடி ஊரில இருங்கோ எண்டு விட்டுட்டாங்களாம். மூண்டு குடும்பத்துக்கு ஒரு வீடு. குடும்பத்துக்கு ஒரு அறை. பாஷை தெரியாது.

முதல் தரம் ரெலிபோனில கதைக்கேக்க ஒண்டு சொன்னாள். "பெரியம்மா, பங்கர் பங்கர் எண்டு பேர்தான், மண்ணில வெட்டின வெறும் கிடங்கு, குழி. அதுக்குள்ளதான் ரெண்டு மாசம் கிடந்தனாங்கள். செத்துப்போன மாமியை அதுக்குள்ளயே விட்டு மூடிப்போட்டு வந்தனாங்கள்." அதுக்கு மேல நான் கேக்கேல்லை.

அப்ப நான் ஒரு உடுப்புத் தொழிற்சாலையில அயன் பிடிக்கிற பக்கம் வேலை. பக்கத்து மேசையில ஒரு இந்தோனேசியாக்காரி. டேனிஷ்காரனைக் கட்டி வந்தவ. என்ர டேனிஷும் ஓட்டை, அவவின்ர டேனிஷும் ஓட்டை. ரெண்டு ஓட்டையும் சேந்தா நல்லாக் கதை ஓடும், அது ஏனெண்டு தெரியாது. எங்கட "அக்கா"வுக்கு முன்னால ஒரு சத்தத்தைக் கூட்டிக் "கக்கா" எண்டு என்னைக் கூப்பிடுவா. அவையின்ர பாஷையில அது மூத்த சகோதரியாம். நான் சொன்னன், "அடி தாயே, எங்கட பாஷையில அது வேற சாமான், குழந்தைப் பிள்ளையள் செய்யிறது." அவ மேசையைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சா.

பெறாமகள் இருக்கிற ஊரின்ர பேரைச் சொன்னன். அவ அயனைக் கீழ வைச்சிட்டு, "அது என்ர ஊரெல்லோ!" எண்டா. பாருங்கோ.

அண்டையில இருந்து அவ சொல்லுவா, நான் ஞாயிற்றுக்கிழமை காலமை பெறாமகளுக்குச் சொல்லுவன். போன உடன ஒழுங்கைத் தலைவரிட்டப் போய் நாங்கள் இன்னார் எண்டு சொல்லவேணும். ஆக்கள் சாப்பாடு தந்தா வேண்டாம் எண்டக்கூடாது, ஒரு வாயெண்டாலும் வைக்கவேணும். இடக்கையால ஒண்டும் குடுக்கக்கூடாது. சுட்டுவிரலால ஆளைக் காட்டாதை, பெருவிரலால காட்டு. ஒழுங்கை கூட்டிற நாளில நீயும் விளக்குமாத்தோட போய் நில்லு. வெளிநாட்டு ஆக்கள் காணியைத் தங்கட பேரில வைச்சிருக்கேலாது. அந்தச் சட்டம் அவவையே பிடிச்சிட்டுது. டேனிஷ் பாஸ்போட் எடுத்த பிறகு, அயன் பிடிச்ச காசில ஊரில கட்டின வீட்டைத் தமக்கையின்ர பேரில எழுதவேண்டி வந்திட்டுது. "என்ர வீடு, ஆனா நான் போனா விருந்தாளி" எண்டு சொல்லுவா.

கப்பலைக் கப்பல் எண்டுதான் அவையும் சொல்லுறது, தெரியுமோ? கடையைக் "கெடை" எண்டுவினமாம். சுருட்டு "செருட்டு". அவ ஒவ்வொண்டாச் சொல்லச் சொல்ல எனக்கு உச்சி குளிர்ந்துபோம். பள்ளிக்கூடம் போகாதவள் நான், அயன் மேசையில நிண்டுகொண்டு ரெண்டு பாஷையைப் பொருத்திப் பாக்கிறன்! பௌசே எண்டுற இடைவேளை நேரத்தில மற்றவை கோப்பி குடிக்க, நாங்கள் சொல்லுப் பிடிப்பம்.

"அம்மா, விஷயம்."

வாறன் வாறன். ஒருநாள் அவ வந்து, "கக்கா, என்ர வீடு சும்மாதான் கிடக்கு. உங்கட பிள்ளையள் போய் இருக்கட்டும். அக்காவோட கதைச்சிட்டன்" எண்டா. தமக்கை அந்த ஊரில ரீச்சர். பள்ளிக்கூடம் வீட்டுக்கு முன்னாலயாம். பேப்பர் இல்லாத பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில எடுக்கமாட்டினம். ஆனா தமக்கை தன்ர பொறுப்பில, தன்ர வீட்டுப் பிள்ளையெண்டு கொண்டுபோய் இருத்துவாவாம். எனக்கு நெஞ்சு நிறைஞ்சுபோச்சு. அந்தப் பெட்டை ஆறு வயசில எழுத்துப் படிக்கப்போகுது!

வீடு எப்பிடியெண்டு கேட்டன். ரெண்டு அறை, குசினி, கிணறு எண்டு சொல்லிக்கொண்டு வந்தவ, கண்ணைச் சிமிட்டிப்போட்டு, "பின்னால ஒரு குடங்" எண்டா.

"கிடங்கோ!" எண்டு நான் துள்ளினன். "அதுவும் எங்கட சொல்லு!"

அவவுக்கும் சந்தோஷம். "ஓம், பெரிய குடங்! இருட்டு. எல்லாத்தையும் அதுக்குள்ள போடலாம்" எண்டு கையை விரிச்சுக் காட்டினா.

எனக்குச் சிரிப்பு நிண்டுபோச்சு. எங்களுக்குக் கிடங்கெண்டா குழி. வீட்டுக்குப் பின்னால பெரிய, இருட்டான கிடங்கு. எல்லாத்தையும் போடுற கிடங்கு. அதுகள் கிடங்குக்குள்ள கிடந்து எழும்பி வந்ததுகளெல்லோ! டேனிஷில ஒருக்கால் கேட்டிருக்கலாம். அது என்ன, ஆழமோ, மூடியிருக்கோ எண்டு. கேக்கேல்லை. கேட்டா, எனக்கு விளங்கேல்லை எண்டு அவவுக்குத் தெரிஞ்சிடும். சொல்லுப் பிடிக்கிறதில நான் கெட்டிக்காரியெல்லோ!

ஞாயிற்றுக்கிழமை பெறாமகளுக்குச் சொன்னன். "பிள்ளை, வீடொண்டு இருக்கு, ஆனா பின்னால பெரிய கிடங்காம். வேண்டாம் மோனை. சின்னப் பிள்ளையோட அங்க போகாதை." அவள் "சரி பெரியம்மா" எண்டாள். அவ்வளவுதான்.

அந்த இந்தோனேசியாக்காரிக்கு என்னத்தைச் சொல்லுறது? உன்ர வீட்டில கிடங்கு இருக்கெண்டு முகத்துக்கு நேர சொல்ல ஏலுமோ? அவைக்கு வேற இடம் கிடைச்சிட்டுது எண்டு பொய் சொன்னன். அவ தலையை ஆட்டினா. அதுக்குப் பிறகு கொஞ்ச நாள் சொல்லுப் பிடிக்க வரேல்லை. தன்ர சொந்த வீட்டைத் தந்த மனுசி.

ரெண்டு மூண்டு மாசம் போயிருக்கும். நூல் பெட்டியள் எடுத்துவர எங்களைச் சாமான் அறைக்கு அனுப்பினாங்கள். கூரைமட்டும் பெட்டி அடுக்கின அறை. அவ கதவைத் திறந்துபோட்டு, திரும்ப நல்ல மனமாகிச் சிரிச்சுக்கொண்டு, "குடங்" எண்டா.

"எது?"

"இது. என்ர வீட்டிலயும் இப்பிடித்தான். சின்னக் குடங் இல்லை, பெரிசு."

நான் நூல் பெட்டிக்கு மேலயே இருந்திட்டன். வீட்டில இப்ப ஆர் இருக்கினமெண்டு கேட்டன். தமக்கை போன மாசம்தான் வேற ஆக்களுக்குக் குடுத்திட்டாவாம்.

அண்டைக்கே பெறாமகளுக்குச் சொல்லியிருக்கவேணும். சொல்லேல்லை. வீடு போயிட்டுதே, இனிச் சொல்லி அவளை ஏன் நோகடிப்பான் எண்டு எனக்கு நானே ஒரு நியாயம் வைச்சன். உண்மை என்னெண்டா, வெக்கம். அதுக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமையில வெந்தயம் எங்க வாங்கலாம், மழைக்கு என்ன செய்யலாம் எண்டு அவளுக்கு வழி சொல்லிக்கொண்டுதான் இருந்தன்.

நாலு வருஷம் அந்த ஒரு அறை. கடைசியா அகதிக் கந்தோரால நியூசிலாந்துக்கு எடுக்கேக்க பெட்டைக்குப் பத்து வயசு. ஒரு எழுத்தும் தெரியாது. ஐஞ்சு வயசுப் பிள்ளையளோட இருத்தித்தான் படிப்பிச்சவையாம். இக்காஸ்ட்டில இப்பவும் பஸ்ஸை நம்பரால இல்லாமல் நிறத்தால அடையாளம் பிடிக்கிறவள் நான். எழுத்தில்லாமல் இருக்கிறது என்னெண்டு எனக்குத் தெரியாதோ? தெரிஞ்ச நான் அந்தப் பிள்ளைக்கு அதைச் செய்தன்.

போன கோடைக்கு பெறாமகள் இங்க வந்தாள். தனியத்தான். பெட்டை இப்ப வளந்து வேலை செய்யிறாளாம், நல்லா வாசிப்பாளாம். அதைக் கேக்க எனக்கு அந்தரமாவும் கிடந்தது, சந்தோஷமாவும் கிடந்தது. பெறாமகள் குசினியில வெங்காயம் உரிச்சுக்கொண்டு இருக்கேக்க எல்லாத்தையும் கொட்டினன். "பிள்ளை, அது கிடங்கில்லையடி. சாமான் அறை. எனக்கு விளங்கேல்லை. ரெண்டு மூண்டு மாசத்தில தெரிஞ்சும் உனக்குச் சொல்லேல்லை."

அவள் வெங்காயத்தை வைச்சாள்.

"பெரியம்மா, நான் அப்பவே போய்ப் பாத்தனான். அடுத்த நாளே நடந்து போனனான். கிடங்கொண்டும் இல்லை. நல்ல வீடு. முன்னால பள்ளிக்கூடப் பிள்ளையள் விளையாடினதுகள்."

"அப்ப ஏனடி போகேல்லை?"

"நீங்கள் கிடங்கு இருக்கெண்டனீங்கள். அங்க காணேல்லை. அப்ப மூடிப்போட்டினம் எண்டு நினைச்சன். மூடின கிடங்குக்கு மேல என்னெண்டு பெரியம்மா படுக்கிறது?"

திரும்ப வெங்காயத்தை எடுத்தாள். என்னில கோவமில்லை எண்டும் சொன்னாள்.

மகள் எழுதுறதை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பாக்கிறாள். எழுதடி எண்டன்.