சுவரோரம் நின்றவர்களையும் எண்ணினார்கள்

அந்தச் சனிக்கிழமை கல்லூரியில் பெற்றோர் கூட்டம் வைத்திருந்தார்கள். பெயர்தான் கல்லூரி, டவுன் பள்ளிக்கூடம்தான் அது. என் வீட்டுக்காரரைக் கூடைப்பந்துக் கோச்சாக இன்னும் வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்பதுதான் விஷயம். விடிந்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கல்லில் போட்ட ரொட்டி கருகியது. தேத்தண்ணிக்குச் சீனி போட்டது மறந்து மறுபடியும் போட்டேன். அவர் அதை அப்படியே குடித்துவிட்டார். வாசலில் குந்தி சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னாங்க, நீங்க கூட்டத்துக்கு வரலையா?" என்றேன்.

"நான் எதுக்கு? பொண்ணு பாக்க வந்த எடம் மாதிரி நடுவுல ஒக்காந்துகிட்டு, புடிச்சிருக்கா புடிக்கலையான்னு அவங்க மூஞ்சியப் பாக்கவா? புள்ளைங்களுக்குப் பிராக்டிஸ் இருக்கு. நீ போ. ஒனக்குத்தான் ஓட்டு இருக்கு."

எனக்கு ஓட்டு இருந்தது உண்மைதான். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீட்டுப் பிள்ளை அந்தக் கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய அம்மா கட்டாருக்கு வேலைக்குப் போனபோது, பள்ளிக்கூடத்துக்குக் கார்டியன் என்று என்னைத்தான் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதனால் பெற்றோர் கூட்டங்களுக்கு நான்தான் போகவேண்டும். போவேன், ஒரு மூலையில் நிற்பேன், வந்துவிடுவேன். வாய் திறந்தது கிடையாது.

என் வீட்டுக்காரர் அந்தக் கல்லூரியில் சிறுவயதில் படித்தவர், விளையாடியவர். படிப்பை விட்டுத் தோட்டத்துப் பேக்டரி வேலைக்கு வந்த பிறகு, அங்கிருந்த விளையாட்டு மாஸ்டர் ஒருநாள் கூப்பிட்டு, பெண் பிள்ளைகளின் டீமைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அன்றிலிருந்து அவர்தான் கோச். பேக்டரியில் பென்சன் வாங்கியாகிவிட்டது. இதில் பென்சன் என்ற பேச்சே வரவில்லை. ஹட்டன் பஸ் நிலையத்தில் இறங்கினால் அவரிடம் விளையாடி இப்போது பிள்ளை பெற்ற பெண்கள்கூட, "கோச் சேர்!" என்று ஓடிவந்து கையைப் பிடிப்பார்கள்.

அவர் சொல்லிக்கொடுக்கும் விதம் தோட்டத்து விதம். காலையில் வேலை பிரிக்கத் தொழிலாளர்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்போம். அவரும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார். பிந்தி வந்தால் யார் மகளாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் ஒழுங்காக வந்த பிள்ளையைப் போட்டியில் சும்மா உட்கார வைக்கமாட்டார். திறமை இருக்கிறதோ இல்லையோ, கொஞ்ச நேரமாவது இறக்கிவிடுவார். "பெரட்டுக்கு வந்த ஆளுக்கு வேலை குடுக்காமத் திருப்பி அனுப்புறது பாவம்" என்பார். பேக்டரிக்குப் போன காலத்திலும் அவருக்கு இதுதான் சட்டம்.

அந்தச் சட்டத்தால்தான் வினை வந்தது. கண்டியில் மாகாணப் போட்டி. நம் பிள்ளைகள் முன்னால் இருந்தார்களாம். முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, நன்றாக விளையாடிக்கொண்டிருந்த உயரமான பிள்ளையை வெளியே எடுத்துவிட்டு, எங்கள் அடுத்த வீட்டுப் பிள்ளையை இறக்கியிருக்கிறார். ஒரு பயிற்சிக்கும் வராமல் இருந்ததில்லை அவள். அன்று அவள் இன்னும் இறங்கவில்லை, அதுதான் காரணம். அவள் கைக்கு வந்த பந்து நழுவி எதிராளிக்குப் போனது. பிறகு மறுபடியும் நழுவியது. தோற்றுப்போனார்கள். பஸ்ஸில் வரும்போது யாரும் அவளோடு பேசவில்லை என்று, வந்து என் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

டவுனில் ஒரே பேச்சு. பக்கத்து வீட்டுப் பிள்ளை என்பதற்காக இறக்கினார், பொண்டாட்டி சொல்லி இறக்கினார் என்றெல்லாம் பேசினார்கள். எனக்கு அந்த விளையாட்டில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்பதே சரியாகத் தெரியாது. நான் போய் என்ன சொல்லப்போகிறேன்?

வெளியே எடுக்கப்பட்ட அந்த உயரமான பிள்ளையின் அம்மா டவுனில் புடவைக் கடை வைத்திருப்பவர். ஒருநாள் கடைவாசலில் என்னைக் கண்டு கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. என் மகளுக்கு இது கடைசி வருஷம். மாகாணத்துல ஜெயிச்ச சர்டிபிகேட் இருந்தா யூனிவர்சிட்டி கெம்பசுக்கு விளையாட்டு வழியா எடுக்கிறாங்க. படிப்புல அவளால முடியாது, எனக்குத் தெரியும். சேர் நல்லவர்தான். நல்லவரா இருந்தாப் போதுமா, சொல்லுங்க."

ஸ்டூலிலிருந்து எழும்பி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்தது. அவருக்கு ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது. கோர்ட்டின் இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கத்து வளையம் புகையாகத் தெரிகிறது என்று அவரே என்னிடம் சொன்னார். ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்றால், "பொறு, பொறு" என்பார். யாரிடமும் சொல்லாதே என்றும் சொல்லியிருந்தார். மழை நாளில் ஈரக் கோர்ட்டில் அவர் நிற்பதை நினைத்தால் எனக்குத் தேயிலைக் கொழுந்து கிள்ளும் கைகூட நின்றுபோகும். மாற்றிவிட்டால் நல்லதுதானே என்று ஒரு மனசு சொல்லும். மாற்றிவிட்டால் இந்த மனுசன் சாயங்காலத்தில் எங்கே போவார் என்று இன்னொரு மனசு கேட்கும். இப்படியே சனிக்கிழமை வந்துவிட்டது.

மண்டபம் நிறையக் கதிரைகள் போட்டிருந்தார்கள். டவுன் ஆட்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். தோட்டங்களிலிருந்து வந்த நாங்கள் வழக்கம்போலப் பின்னால் சுவரோடு சுவராக நின்றோம். தோட்டத்து ஆபீசுக்குப் போனால் நாங்கள் உட்காருவதில்லை. துரைக்கு முன்னாலும் சரி, கிளாக்கருக்கு முன்னாலும் சரி, நின்றுதான் பழக்கம். பள்ளிக்கூடத்திலும் அப்படியே. அதிபர் நல்ல மனுசன். "கதிரை இருக்குதானே, வந்து உட்காருங்க" என்று கூப்பிட்டார். "பரவாயில்ல சேர், பரவாயில்ல சேர்" என்று சுவரோரம் முழுக்கச் சிரித்தோம். யாரும் நகரவில்லை.

பேசினார்கள். பெற்றோர் சங்கச் செயலாளர் டவுனில் மருந்துக் கடை வைத்திருப்பவர். கண்டியில் ஒரு தம்பி இருக்கிறார், கோச் படிப்புப் படித்தவர், வரத் தயார் என்று சொன்னார். ஒரு டீச்சர் எழும்பி, "இந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவர் செய்ததை மறக்கக்கூடாது" என்றார். புடவைக் கடை அம்மா, "மறக்கச் சொல்லல டீச்சர். மாலை போட்டு மரியாதையா அனுப்புவம்" என்றார். பாதிப் பேர் கைதட்டினார்கள். எனக்கு மாலை என்றதும் உடம்பு கூசியது.

கடைசியில் செயலாளர் சொன்னார்: "நேரமாகுது. கோச்சை மாத்தணும் என்கிறவங்க மட்டும் எழும்பி நில்லுங்க. மாத்த வேண்டாம் என்கிறவங்க இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருங்க."

முன்னால் கொஞ்சப் பேர் எழும்பினார்கள். நிறையப் பேர் எழும்பவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். செயலாளர் விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார். முன்வரிசை, நடுவரிசை, பிறகு அந்த விரல் அப்படியே சுவர்ப் பக்கம் திரும்பியது. ஒவ்வொரு முகமாகத் தொட்டுக்கொண்டு வந்தது. என் முகத்தையும் தொட்டுவிட்டு அடுத்த முகத்துக்குப் போனது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் பக்கத்தில் நின்றவர்களுக்கு விளங்கவில்லை. சிலருக்கு விளங்கியிருக்கும், யார் வாயைத் திறப்பது? அந்த மனுசன் வேண்டுமென்று செய்யவும் இல்லை. நிற்கிறவர்களை எண்ணினார், நாங்கள் நின்றோம்.

நான் சும்மா நின்றால் போதும். அவர் வீட்டோடு இருப்பார். கண்ணைக் காட்டக் கூட்டிக்கொண்டு போகலாம். யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள், எண்ணியது செயலாளர். இதெல்லாம் அந்த ஒரு நிமிசத்தில் எனக்குள் ஓடியது. ஆனால் கொழுந்துக்காரிகள் எல்லோரும் சேர்ந்து கோச் சேரை வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள் என்று வெளியே போய்ச் சொல்வார்களே, அது பொய்யல்லவா? அவர் கேட்டால் நம்புவாரே!

எல்லோரும் பார்க்கக் கதிரை வரைக்கும் நடந்து போக எனக்குத் துணிவில்லை. சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் நின்றவள் குனிந்தாள். "என்னாக்கா, தலை சுத்துதா? தண்ணி கொண்டாரவா?"

"தண்ணி வேணாம். ஒக்காரு. நிக்கிறவங்களத்தான் எண்ணுறாங்க. நம்மளையும் சேத்து எண்ணிட்டாங்க."

"அய்யய்யோ!" என்று அவளும் உட்கார்ந்தாள். அந்தப் பேச்சு சிரிப்போடு சுவரோரமாகவே போனது. "ஒக்காருங்கடி... அடியே ஒன்னயத்தான், குந்துடி!" ஒரு கிழவர் மட்டும், "அதிபருக்கு முன்னால தரையிலயா?" என்று தயங்கினார். "நீ எந்திரிக்கிறப்ப நாங்க தூக்கிவிடுறோம் அண்ணே, மொதல்ல குந்து" என்று ஒருத்தி அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

செயலாளருக்குக் கணக்குத் தப்பிவிட்டது. "என்ன நடக்குது அங்க?" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் உட்கார்ந்த பிறகு சுவரோரம் ஒரே ஒரு ஆள் நின்றார். தோட்டத்து மேல் டிவிசனில் தேயிலைக்கு மருந்தடிக்கிறவர். அவருடைய மகளும் நன்றாக விளையாடும் பிள்ளை. "அண்ணே, குந்துங்க, குந்துங்க" என்று பெண்கள் கையைக் காட்டினார்கள்.

"நான் நெசமாத்தான் நிக்கிறேன்" என்றார் அவர். "எனக்கும் அந்த சர்டிபிகேட் வேணும்."

அதன் பிறகு சிரிப்பு நின்றுபோனது. எனக்கு அந்த மனுசன் மேல் கோபம் வரவில்லை. புடவைக் கடை அம்மா சொன்னதைவிட இவர் சொன்னதுதான் என்னை அதிகமாகக் குத்தியது. செயலாளர் மறுபடி எண்ணினார். மாற்றவேண்டாம் என்ற பக்கம் கூடிவிட்டது. அவரே கோச்சாக இருக்கட்டும் என்று அதிபர் சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

நான் வெளியே வருவதற்குள் செய்தி கோர்ட்டுக்குப் போய்விட்டது. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் இருந்தார்.

"தரையில ஒக்காந்தியாமே?"

"ஆமா."

"என்னா, கால் வலியா?"

"நிக்காதவங்கள நின்னதா எண்ணுனாங்க. அதான்."

"அது சரி." ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினார். "எல்லாரையும் கதிரையில ஒக்கார வச்சு, ஒழுங்கா, மாத்தணும்ங்கிறவங்க எந்திரிங்கன்னு சொல்லியிருந்தா? நீ எந்திரிச்சிருப்பியா?"

பொய் சொல்லத் தெரியாமல் இல்லை. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"எந்திரிச்சிருப்பேன்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். பஸ் ஆட்டத்தில் அவர் தோள் என் மேல் இடித்தது. கோபமா என்று பார்த்தேன். கோபம் இல்லை.

"பெரிய ஆளுதான் நீ" என்றார். "அதை அங்கயே சொல்றதுதானே?"

"அங்க யாரு என்னையக் கேட்டா? எண்ணுனாங்க, அவ்வளவுதான்."

திங்கட்கிழமை அவரே அதிபரைப் பார்க்கப் போனார். கண்ணைப் பற்றியும் சொல்லிவிட்டாராம். கண்டித் தம்பியும் வரட்டும், இருவரும் சேர்ந்து பார்க்கிறோம் என்று பேசி முடித்துவிட்டு வந்தார். இப்போது அந்தத் தம்பி வருகிறார். அவர் பேச்சு பாதி சிங்களம், பாதி தமிழ். இவரை "அங்கிள்" என்கிறார். பந்து போடுவது, ஓடுவது எல்லாவற்றையும் இவர் விட்டுக்கொடுத்துவிட்டார். வந்த பிள்ளைகள் எல்லோரையும் இறக்கவேண்டும் என்ற ஒன்றை மட்டும் விடவில்லை. அந்தத் தம்பி, "அங்கிள், அப்பிடிச் செஞ்சா தோப்போம்" என்கிறாராம். இவர், "தோத்தா என்னா?" என்று கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, மருந்தடிக்கிறவரின் மகள் அங்கே நிற்பதைப் பார்த்து, மேலே பேசமுடியாமல் வந்துவிட்டார்.

அடுத்த போட்டி வரப்போகிறது. அடுத்த வீட்டுப் பிள்ளை வாசலில் பந்தைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். அவர் வெளியே வந்து கொஞ்ச நேரம் பார்க்கிறார், உள்ளே போகிறார், மறுபடி வருகிறார். அவளை இறக்குவதா வேண்டாமா என்று என்னிடம் கேட்டுவிடுவாரோ என்று பயந்து, நான் விறகு எடுக்கப் போவதுபோலப் பின்பக்கமாகப் போய்விடுகிறேன்.