சித்தி கூலிக்குப் போன நாள்

எட்டு வயதில், ஒரே ஒரு நாள், எனக்கு அம்மா மாறிப்போனாள். மாற்றியது சித்தி. அம்மாவின் தங்கையான அவள் அப்போது சென்னையில் நடிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். சின்னமனூரில் இந்த விஷயம் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. யாராவது கேட்டால் தாத்தா, "கம்ப்யூட்டர் படிக்கிறா" என்று சொல்லிவிட்டு அவசரமாக மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். அந்தத் தடவை லீவுக்கு வந்தவளிடம், படித்தவரை போதும், திரும்பிப் போக வேண்டாம் என்று முடிவாகச் சொல்லியும் விட்டார்.

சித்தி எதிர்த்துப் பேசவில்லை. விடிந்ததும் மொட்டைமாடிக்குப் போய், அடிவயிற்றிலிருந்து குரலெடுத்துப் பழகுவதையும் நிறுத்தவில்லை. லீவுக்கென்று அவளுக்கு ஒரு பாடம் கொடுத்திருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் நடுவே ஒரு நாள் முழுக்க வேறொருத்தியாக இருந்துவிட்டு வர வேண்டும். திராட்சை வெட்டப் போகும் பெண்ணாக இருப்பது என்று சித்தி முடிவு செய்தாள். துணி காயும் கொடியில் திராட்சைக் குலைகளைக் கட்டித் தொங்கவிட்டு, பழத்தின் மேல் படிந்திருக்கும் வெள்ளைப்பொடி கலையாதபடி காம்பைப் பிடித்து வெட்டப் பழகினாள். வெட்டியதையெல்லாம் தின்று தீர்த்தது நான். அந்த உழைப்பைப் பார்த்துத்தானோ என்னவோ, எனக்கும் ஒரு வேஷம் கொடுத்தாள்.

"ஏத்தா, இன்னைக்கு நீ எம் மக. சித்தினு வாயத் தொறந்த, அம்புட்டுத்தான்!"

அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, கம்பம் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் வண்டியில் ஏறினோம். வெட்டு நாளில் கூடுதலாக ஓர் ஆள் வந்தால் யாரும் வேண்டாம் என்பதில்லை. சேலைக்கு மேல் பழைய சட்டை, தலையில் துண்டு. பந்தலுக்குக் கீழே அண்ணாந்த கழுத்தோடு சித்தி வெட்டிக்கொண்டே போனாள். பக்கத்திலிருந்த அக்கா, புருஷன் என்ன வேலை செய்கிறான் என்று கேட்டாள்.

"ஏலக்காத் தோட்டத்துக்குப் போனாகக்கா. போனவுக சேதியே இல்ல."

கத்தரியை நிறுத்தாமல்தான் சொன்னாள். ஆனாலும், இல்லவே இல்லாத அந்த அப்பாவை நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் ஆளாளுக்கு என் தட்டில் முட்டை வைத்தார்கள். நடிப்பு நல்ல தொழில்தான் என்று எனக்குத் தோன்றியது.

சாப்பிட்டுவிட்டுச் சித்தி மறுபடி வெட்டிக்கொண்டிருந்தபோது, லோடு ஏற்ற வந்த வியாபாரியைப் பார்த்ததும் நான் அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். தாத்தாவின் பங்காளி அவர். எனக்குச் சின்னத்தாத்தா முறை. ஏதோ ஒரு கல்யாணத்தில் யாருக்கு முதல் மரியாதை என்று கிளம்பிய சண்டையில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றிருந்தது. அவர் சித்தியை நேருக்கு நேர் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று வண்டிக்குத் திரும்பிவிட்டார். சொந்தக்காரருக்கே அடையாளம் தெரியவில்லை என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

சாயங்காலம் நாங்கள் வீட்டுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் அவர் வாசலில் நின்றார். ஒரு மூட்டை அரிசி, ஒரு வாழைத்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே, நமக்குள்ள ஆயிரம் இருக்கும். அதுக்காக வீட்டுப் புள்ளயக் கூலிக்கு அனுப்புவீகளா? ஒரு வார்த்தை சொல்லப்படாதா? நாங்க என்ன செத்தா போயிட்டோம்?"

தாத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பி, அழுக்குச் சட்டையோடு நின்ற சித்தியைப் பார்த்தார். "பாடம்ப்பா" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஒன்று, பங்காளி கொண்டுவந்த அரிசியை வாங்கிக்கொள்ள வேண்டும்; இல்லையென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். தாத்தா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"மூட்டையத் தூக்கு. எம் மக கூலிக்குப் போகல. சென்னையில நடிப்புப் படிக்கிறா. நீ பாத்தது அவ பாடம்."

தெருவுக்கே கேட்டது. சின்னத்தாத்தா வாயைப் பிளந்தார்.

"அது நடிப்பாண்ணே? மத்தியானத்துல இருந்து ஒரு வாய் சோறு எறங்கல எனக்கு!"

தாத்தாவின் முகம் மெல்ல மாறியது. "அம்புட்டு நல்லாவா செஞ்சா?" என்றார். பங்காளியை நாற்காலியில் உட்காரவைத்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அவர் கையைத் தூக்கி, கழுத்தை அண்ணாந்து, சித்தி வெட்டியதை அப்படியே செய்துகாட்டினார். தாத்தா பாதியிலேயே உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏத்தா, காலேஜு என்னைக்குத் தொறக்குறாக?"

கேட்டுவர நான் உள்ளே ஓடினேன். சித்தி அடுப்படியில் சுவரோரமாக உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். காலையிலிருந்து அண்ணாந்து நின்றவளுக்குக் கழுத்து வலி தாங்கவில்லை போல என்று நினைத்தேன். ஓடிப்போய்த் தைலத்தை எடுத்துவந்து பின்கழுத்தில் தேய்த்துவிட்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் கையை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நான் எவ்வளவு தேய்த்தும் அழுகை நிற்காததால், தைலம் பழசாகிவிட்டது என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.