பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

பாட்டுப் பதிவு செய்யும் தொழிலில் பாடுகிறவருக்குத் தொண்டை கட்டினால் ஒரு நாள் தள்ளிப் போடலாம். ஹார்ட் டிஸ்க்குக்குக் கட்டினால் அவ்வளவுதான். நான் பிளஸ் டூவோடு படிப்பு போதும் என்று வீட்டில் சண்டை போட்டவள். இப்போது மேலகரத்தில் ஒரு இரும்புக் கடை மாடியில் இருக்கும் ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் என் பொறுப்பு. முதலாளி சுடலை அண்ணாச்சி, கீபோர்டு வாசிப்பவர். கல்யாண வீடியோவோ குழந்தை ஃபோட்டோவோ ஒரே டிஸ்க்கில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிற எல்லாருக்கும்தான் இதை எழுதுகிறேன். நீங்களும் நம்ம ஆள்தான்.

நல்ல மாடு

பழைய டிஸ்க் நிரம்பிவிட்டது. பாட்டு பதியும்போது குரலுக்கு ஒன்று, வாத்தியத்துக்கு ஒன்று என்று பன்னிரண்டு, பதினாறு டிராக் ஒரே நேரத்தில் ஓடும். அதற்கு வேகமான எஸ்எஸ்டி ஒன்று, முடிந்த பாட்டைப் போட்டு வைக்கப் பெரிய ஹார்ட் டிஸ்க் இரண்டு வேண்டும் என்றேன். தலையாட்டிவிட்டு சுரண்டைக்குப் போன அண்ணாச்சி, சிசிடிவி கடையில் கழற்றிப் போட்டிருந்த ஒரே ஒரு டிஸ்க்கோடு வந்தார்.

எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறோம் என்று டிஸ்க்கே கணக்கு வைத்திருக்கும். எடுத்துப் பார்த்தேன். நாலு வருஷம், ராப்பகலாக. கேமராவில் ஒரு நொடி விட்டுப்போனால் யாருக்கும் தெரியாது, பாட்டில் விட்டுப்போனால் 'டப்' என்று கேட்கும், திருப்பிக் கொடுங்கள் என்று கத்தினேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

"நாலு வருசம் நிக்காம உழைச்சிருக்குன்னா, நல்ல மாடுதான ஏட்டி?"

குழி

ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டரைத் திறந்து, தூசி தட்டி வைத்துவிட்டுப் பூ வாங்கப் போனேன். திரும்பி வந்தால் மைக், கீபோர்டு, ஹெட்ஃபோன் எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும். வேறு வழியில்லாமல் மாட்டியிருந்த அந்தச் சுரண்டை டிஸ்க்கிலும். அதன் மேல் கடுகளவு ஓட்டை ஒன்று இருக்கும், உள்ளே காற்று போய்வருவதற்கு. இதை மூடாதீர்கள் என்று பக்கத்திலேயே இங்கிலீஷில் எழுதியும் இருக்கும். சரியாக அதன் மேல்தான் பொட்டு.

சுரண்டினால் தூள் உள்ளே போகும். விட்டால் மூச்சு முட்டும். ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். முழுசாக வந்ததா என்று இன்றைக்கும் தெரியாது. அண்ணாச்சி முகம் சுருங்கிப் போய் நின்றார்.

"பொட்டு வைக்கதுக்குத் தோதா ஒரு குழி இருந்துச்சு, கம்பெனிக்காரனே விட்டிருக்கான்னுல்லா நெனச்சேன்."

பத்து நிமிஷம்

நிஜாம் அண்ணனுக்குத் துபாயில் வேலை. லீவு முடிந்துவிட்டதால் தங்கை ஷமீமாவின் கல்யாணத்துக்கு இருக்க முடியாது. மண்டபத்தில் தன் குரலாவது இருக்கட்டும் என்று, தானே எழுதின பாட்டைப் பாட வந்தார். மறுநாள் விமானம். ஷமீமாவும் கூட வந்திருந்தாள். நாலு தடவை பாடினார். நாலாவது தடவை, பாடும் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த மூன்று பேரும் மூச்சுவிடவில்லை.

டிராயரில் என் சொந்த டிஸ்க் இருந்தது. காப்பி எடுக்கப் பத்து நிமிஷம் போதும். ஆனால் கீழே என் தோழி ஸ்கூட்டியில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். ஐந்தருவியில் நல்ல தண்ணீர். நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று கம்ப்யூட்டரை அணைத்தேன். படி இறங்கும்போது நிஜாம் அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"பத்திரமா வச்சிக்கோம்மா, இனி ரெண்டு வருசத்துக்கு நான் இங்கன இல்ல."

டிக், டிக்

அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, கம்ப்யூட்டரைப் போட்டதும் 'டிக்… டிக்…' என்றது. பல்லி என்றார் அண்ணாச்சி. நான் பாய்ந்து அணைத்தேன். இந்தச் சத்தம் கேட்டால் நீங்களும் அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் உள்ளே கீறிக்கொண்டே போகும். கெட்ட டிஸ்க்கிலிருந்து மீட்டுத் தருகிறவர்களை மதுரையில் கேட்டால் மூன்று வாரம் ஆகுமாம். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. நிஜாம் அண்ணனைப் போனில் பாடி அனுப்பச் சொன்னோம். எட்டுப் பேர் தங்கும் அறை, ஏசி இரைச்சல். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

காப்பி எடுக்காமல் குளிக்கப் போய்விட்டேன் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அவர் பதினோரு வருஷமாகப் போட்ட மெட்டுகளையும் பழைய டிஸ்க்கிலிருந்து இதற்கு மாற்றிவிட்டு, அதைக் காலி பண்ணியிருந்தோம். ஓடினால் இன்னும் ஒரு தடவைதான் இது ஓடும், எதை முதலில் எடுக்க என்று கேட்டேன். கீபோர்டின் மேல் உறையை இழுத்து மூடினார்.

"என் மெட்டு மண்டைக்குள்ள கெடக்கு, அந்தப் பையன் தொண்டை துபாய்ல கெடக்கு, அத எடு."

வந்தது

அதற்குள் ஷமீமா பாட்டை வாங்க வந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் என் முதுகுக்குப் பின்னாலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். சூடாகாமல் இருக்க டிஸ்க்குக்கு நேரே ஃபேனை வைத்து, கம்ப்யூட்டரைப் போட்டேன். நாலாவது தடவை பாடியதைத்தான் முதலில் இழுத்தேன். பாதியில் நின்றது. மூன்றாவது, இரண்டாவது, திறக்கவே இல்லை. முதலாவது மட்டும் நத்தை மாதிரி நகர்ந்து முழுசாக வந்தது. அதோடு டிஸ்க் சுற்றுவதையே நிறுத்திவிட்டது. அண்ணாச்சியின் மெட்டு ஒன்றுகூட வரவில்லை; அவர் ஜன்னல் பக்கம் போனார்.

முதலாவது, ஒத்திகை. இரண்டாவது சரணத்தில் தடுமாறுகிறார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஷமீமா சிரிப்பதைப் பார்த்துவிட்டு "ஏட்டி, சிரிக்காத, வெளிய போ!" என்று கத்துகிறார். தானும் சிரித்துக்கொண்டே, சுருதி எங்கேயோ போக, பாடி முடிக்கிறார். நல்லாப் பாடினது போய்விட்டது, என் தப்புதான், இந்தக் கத்தலை வேண்டுமானால் வெட்டிவிடுகிறேன் என்றேன். ஷமீமா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை கேட்டாள். அதைக் கழற்றாமலே, எங்களுக்குத்தான் காது கேட்காது என்பது மாதிரி உரக்கச் சொன்னாள்.

"வெட்டாத, அப்படியே போடு; சரியாப் பாடுனா எங்க அண்ணன்னு மண்டபத்துல ஒருத்தரும் நம்ப மாட்டாவ."

காப்பி எடுக்க வேண்டும் என்று தெரியாதவர் இந்தத் தொழிலில் ஒருத்தரும் கிடையாது. அன்றைக்கே எடுத்தவரைத்தான் நான் இன்னும் பார்க்கவில்லை.