சாப்பாட்டு அறைக்கு ஒரு சைட்போர்டு

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு அணுபுரத்தில் பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்தது. கல்பாக்கத்தில் ஆய்வுக்கூட வேலை. பதவி உயர்ந்ததும் வீட்டின் அளவும் தானாக உயர்ந்தது. அப்போது என் கணவர் மஸ்கட்டில் இருந்தார். எங்களுக்குக் குழந்தை இல்லை. நான் ஒருத்தி மட்டும் இருக்கப்போகிற அந்த வீட்டில், சமையலறையை ஒட்டித் தனியாக ஒரு சாப்பாட்டு அறை இருந்தது.

ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் வாங்கிப் போட்டேன். அப்படியும் அந்த அறையில் இருமினால் எதிரொலித்தது. நான் அங்கே உட்கார்ந்து சாப்பிடவே இல்லை. ஸ்டாஃப் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் குக்கரைத் திறந்து, அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டு முடித்துவிடுவேன். ஒரு நாள் தட்டுகூட இல்லாமல், சட்டியில் இருந்த குழம்பிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாதியில்தான் அது உறைத்தது. அன்றைக்கே அந்த அறையைச் சரி பண்ணிவிடுவது என்று முடிவு செய்தேன். சுவரோரம் கனமான சாமான் ஒன்று நின்றால் உட்காரத் தோன்றும் என்று நினைத்தேன்.

மாமல்லபுரத்தைத் தாண்டிக் கடற்கரைச் சாலை ஓரத்தில் பழைய மரச்சாமான் கடைகள் இருந்தன. ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். நீளமான ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. எங்கெங்கோ இடித்த வீடுகளின் தூண்களும் கதவுகளும் சுவரில் சாய்ந்து நின்றன. கடைக்காரர் விற்பனைக்கு வைத்திருந்த சாய்வு நாற்காலியிலேயே படுத்திருந்தார்.

"இன்னாம்மா வேணும்? கதவா, கட்டிலா?"

"சாப்பாட்டு ரூம்ல வைக்கிறது. உள்ள தட்டு அடுக்கி, மேல பாத்திரம் வைக்கிற மாதிரி."

"சைட்போர்டு. பின்னால கீது, வா. ஃபாரின்காரங்க இத பஃபேன்னுவாங்க. நம்ம ஜனங்ககிட்ட பஃபேன்னா, கல்யாணத்துல நின்னுகினு துன்றதுன்னு நெனைச்சிக்கிறாங்க."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். நின்றுகொண்டு சாப்பிடுகிறவள்தான் எதிரே நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியாது.

கடையில் இரண்டு சைட்போர்டுகள் இருந்தன. ஒன்று தாழ்வானது. தேக்கு. அலங்காரம் எதுவும் இல்லை, மூன்று இழுப்பறைகள், கீழே இரண்டு கதவுகள். தொட்டதும் உள்ளங்கைக்கு இதமாக இருந்தது. இன்னொன்று உயரமானது. முதுகில் பெரிய கண்ணாடி, அதைச் சுற்றித் திராட்சைக் குலைகளும் கொடிகளும் செதுக்கியிருந்தார்கள். பாண்டிச்சேரியில் ஏதோ பெரிய வீட்டிலிருந்து வந்ததாம். கடைக்காரருக்கு அதைத் தள்ளிவிட ஆசை. எனக்குத் தாழ்வானதுதான் பிடித்தது. டேப் கொண்டுபோகவில்லை. சாண் போட்டு அளந்துகொண்டு வந்து, வீட்டுச் சுவரிலும் சாண் போட்டுப் பார்த்தேன். சரியாக அடங்கியது.

மஸ்கட்டில் என் கணவருக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, அன்றைக்குத்தான் போன் வரும். இரண்டையும் ஒன்று விடாமல் வர்ணித்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "உனக்குப் பிடிச்சத வாங்கிக்கோ" என்றார்.

"ரெண்டுல எது நல்லாருக்கும்னு நெனைக்கிறீங்க?"

"நீ பார்த்தா சரியாத்தான் இருக்கும். நான் இங்கேருந்து என்னத்தச் சொல்றது?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. என்ன மரம் என்று கேட்டிருக்கலாம். பழைய சாமான் எதற்கு, கரையான் இருக்கும் என்று திட்டியிருந்தால்கூட எனக்குப் போதும். போனை வைத்த பிறகு, நான் சொல்ல வைத்திருந்த பதில்களெல்லாம் அப்படியே மிச்சமிருந்தன.

மறுநாள் வாங்கிவிடுவது என்று போனேன். தாழ்வான சைட்போர்டுக்கு முன்னால் ஓர் இளம் பெண் மண்டியிட்டு உட்கார்ந்து இழுப்பறைகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். சென்னையில் புதிதாக வீடு கட்டியவர்கள்.

"இதுக்கு என்ன குறைச்சல்?" என்றாள் அவள்.

"ஆஸ்பத்திரில மருந்து வைக்கிற அலமாரி மாதிரி இருக்கு. அந்தக் கண்ணாடி வெச்சதப் பாரு, எவ்ளோ கம்பீரமா இருக்கு."

"கம்பீரமா? சலூன் மாதிரி இருக்குங்க."

"உங்க அம்மா வீட்டு ஷோகேஸ விடவா?"

"எங்க அம்மாவ எதுக்கு இழுக்கறீங்க?"

கடைக்காரர் என் பக்கம் குனிந்து, "காலைலேர்ந்து ஒரே பேஜாரும்மா" என்று முணுமுணுத்தார். எனக்கு அது பேஜாராகத் தெரியவில்லை. ஒரு தூணில் சாய்ந்துகொண்டு கேட்டபடியே இருந்தேன். அவர்கள் நிறுத்திவிடுவார்களோ என்றுதான் பயமாக இருந்தது.

அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். "மேடம், நீங்களே சொல்லுங்க. எது நல்லாருக்கு?"

இது நான் பார்த்து வைத்தது, வாங்கத்தான் வந்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இழுப்பறையை இழுத்து உள்பக்கத்து மரத்தைக் காட்டினேன். சாப்பாட்டைக் கொண்டுவந்து வைக்க இந்த உயரம்தான் வசதி என்றேன். அவன் விடவில்லை. கண்ணாடி இருந்தால் அறை பெரிதாகத் தெரியும் என்றான். அந்தத் திராட்சைக் குலைக்குள் சேரும் தூசியை யார் துடைப்பது என்று நான் கேட்டேன். "நான் துடைக்கிறேன் மேடம்" என்றான். "இவரா? விரிச்ச பாயைக்கூடச் சுருட்ட மாட்டார்" என்றாள் அவள். மூன்று பேரும் சிரித்தோம். வெகுநேரம் பேசினோம். அலுவலகம் தவிர வேறெங்கும் என் பேச்சை ஒருவர் மறுத்துப் பேசி ரொம்ப நாளாகியிருந்தது.

கடைசியில் அவன் கையை விரித்தான். "ரெண்டு பேரும் சேர்ந்துட்டீங்க. நான் என்ன பண்றது?"

தாழ்வானதையே வாங்கிக்கொண்டார்கள். போகும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மெட்ராஸ் வந்தா கண்டிப்பா வீட்டுக்கு வரணும்" என்றாள். விலாசம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கார் போனதும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா நீ, பார்த்து வெச்ச சாமான நீயே வித்துக் குட்த்துட்டியே."

வெறுங்கையோடு அந்த அறைக்குத் திரும்பிப் போகவும் மனம் வரவில்லை. சலூன் மாதிரி என்று அவள் சொன்ன, தூசி சேரும் என்று நான் சொன்ன அந்த உயரமானதையே எடுத்துக்கொண்டேன்.

டெம்போ வந்து நின்றதும் எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு வந்தார். "சார் வராரா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். "இல்லைங்க, சும்மாதான் வாங்கினேன்" என்றேன். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் முதல்முறையாக அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நிமிர்ந்தபோது கண்ணாடியில் ஒருத்தி நைட்டியோடு உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. மறுநாள் பக்கவாட்டு நாற்காலிக்கு மாறினேன். அப்போதும் ஓரத்தில் என் தோளும் கையும் தெரிந்தன. கடைசியில் ஒரு டர்க்கி டவலை எடுத்துக் கண்ணாடி மேல் போட்டேன். பல மாதங்கள் அது அப்படியே கிடந்தது. ஆனால் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் மட்டும் வந்துவிட்டது. உள்ளே அடுக்க என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை. மெழுகுவத்தி, தலைவலி மாத்திரை, ஃபியூஸ் ஒயர், ரப்பர் பேண்டு, கொஞ்சம் ஸ்பூன்கள். கதவுகளுக்குப் பின்னால் முக்கால்வாசி இடம் காலி.

அடுத்த வருடம் அவர் ஒரு மாத லீவில் வந்தார். வருவதற்கு முன்பே துண்டை எடுத்துத் துவைத்து மடித்து வைத்துவிட்டேன். சைட்போர்டை நிதானமாகப் பார்த்தார். செதுக்கலை விரலால் தடவி, "நல்ல வேலைப்பாடு" என்றார். அதோடு சரி.

மறுநாள் மதியம் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தேன். தயிருக்கு ஸ்பூன் வேண்டும் என்று எழுந்து போனவர், சைட்போர்டு முன்னால் தயங்கி நின்றார்.

"இதுலதான ஸ்பூன் இருக்கு? திறக்கலாமா?"

"ரெண்டாவது டிராயர்ங்க. கொஞ்சம் தூக்கி இழுக்கணும்."

கடற்காற்றில் மரம் ஊதியிருந்தது. அவர் இழுத்தார், வரவில்லை. பலமாக இழுத்தால் உடைந்துவிடுமோ என்று ஒரு விருந்தாளி பயப்படுவதைப்போல் பயந்தார். நானே எழுந்து போய்த் தூக்கி இழுத்து, ஸ்பூனை எடுத்துக் கொடுத்தேன்.

"தாங்க்ஸ்" என்றார்.

நான் பிறந்த வீட்டிலும் சரி, அவர் வளர்ந்த வீட்டிலும் சரி, ஒரு ஸ்பூனுக்காக யாரும் யாருக்கும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. எங்கேயோ கேண்டீன் வரிசையில் நின்று பழகிய வார்த்தை அது. அவர் மரியாதையாகத்தான் சொன்னார். நான் ரசம் எடுக்கப் போகிற மாதிரி சமையலறைக்குப் போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இன்னும் சில வருடங்கள் கழித்து அவர் வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக வந்துசேர்ந்தார். செங்கல்பட்டில் ஒரு வீடு வாங்கி, சைட்போர்டையும் அங்கே கொண்டுபோனோம். முதல் சில மாதங்கள், எதை எடுப்பதற்கும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். பிறகு அது மெல்ல நின்றுபோயிற்று. எந்த நாளில் நின்றது என்று நான் கவனிக்கவில்லை.