சத்தம் அடங்கிய சர்வர் ரூம்

என் அக்கா புருஷனைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஸ்வெட்டர்காரர் என்பார்கள். ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது கம்பளி ஸ்வெட்டரோடு வேலைக்குக் கிளம்புகிற மனுஷனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? ஒரு கம்பெனியின் சர்வர் ரூமைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வரிசையாக இரும்பு அலமாரிகள், அவற்றுக்குள் ராப்பகலாக ஓடும் கம்ப்யூட்டர்கள். அதுகளுக்குச் சூடு ஆகாது. சூடு ஏறினால் அலாரம் அடிக்கும். எந்த ஏசி நின்றுபோனது என்று இவர் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கேன்டீன் நடத்துகிறவள் நான். அதனால் இதில் பாதிக்கு மேல் நானே கண்ணால் பார்த்தது.

குளிரைக்கூடச் சமாளித்துவிடலாம். அந்தச் சத்தம் இருக்கிறதே, அதுதான் ஆளைத் தின்றது. அத்தனை கம்ப்யூட்டருக்குள்ளும் ஃபேன், போதாதென்று ஏசிக்காரன் வைத்த பெரிய பெரிய ஃபேன்கள். பக்கத்தில் நின்று கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும். டீ கொண்டுபோனால் நான் கூப்பிடவே மாட்டேன். கதவைத் திறந்து லைட்டை அணைத்து அணைத்துப் போடுவேன். அவர் சிரித்துக்கொண்டே வெளியே வருவார்.

“மச்சினி வந்தா மட்டும் எனக்குக் கரண்ட் போயிடுதே!”

இப்படியே வருஷங்கள் ஓடின. அவர் வீட்டில் டிவி போட்டால் தெருமுனை வரைக்கும் கேட்கும். அக்காவும் கத்திப் பேசியே பழகிவிட்டாள். புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சண்டை என்று நினைத்து வாசலோடு திரும்பிப் போனவர்கள் உண்டு. அதெல்லாம் சிரிக்கிற சமாச்சாரம். மகள் விஷயம் அப்படியில்லை. அவளுக்குப் பிறவியிலேயே மெல்லிய குரல். அப்பாவிடம் ஒன்று சொல்வாள், அவர் “என்னம்மா?” என்பார். மறுபடி சொல்வாள். மறுபடியும் “என்னம்மா?” அதோடு “ஒண்ணுமில்லப்பா” என்று உள்ளே போய்விடுவாள்.

ஒருநாள் கேன்டீனில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார். “என் பொண்ணு என்கிட்ட பேசுறதையே விட்டுட்டா மச்சினி. காது மொத்தமா போறதுக்குள்ள ஏதாவது பண்ணணும்.”

காதில் மாட்டிக்கொள்ள ஒரு மூடி வாங்கித் தரச்சொல்லி மேனேஜரிடம் கேட்டார். என் கவுண்டரில்தான் கேட்டார். மேனேஜர் டீயை ஊதிக்கொண்டே பதில் சொன்னார்.

“காதை அடைச்சுக்கிட்டா அலாரம் எப்படிங்க கேக்கும்? உங்க வேலையே அதுதானே?”

அத்தான் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் சுபாவம் அப்படி.

அப்புறம் கரண்ட் பில் எகிறியது என்று வெளியிலிருந்து ஒரு இன்ஜினியரை வரவழைத்தார்கள். டிஷ்யூ பேப்பரை நீளமாகக் கிழித்து, ஒவ்வொரு சந்திலும் அந்த இன்ஜினியர் பிடித்துப் பார்த்தார். பேப்பர் எந்தப் பக்கம் ஆடுகிறதோ அந்தப் பக்கம் காற்று போகிறது என்று அர்த்தமாம். கம்ப்யூட்டர்கள் முன்பக்கம் குளிர்ந்த காற்றை இழுத்துப் பின்பக்கம் சூடாகத் துப்புகின்றன. அந்தச் சூடு அலமாரிக்கு மேலேயும் காலி இடுக்குகள் வழியாகவும் திரும்ப முன்பக்கமே வந்து சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் ஏசியை எவ்வளவு வைத்தாலும் போதவில்லை, ஃபேன்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுகின்றன.

“சூட்டை இந்தப் பக்கம் வரவிடாம அடைச்சிட்டா ஃபேன் எல்லாம் தானா மெதுவாயிடும். சத்தமும் நல்லா குறையும்” என்றார் இன்ஜினியர்.

மேனேஜர் காதில் கரண்ட் பில் குறையும் என்பதாக விழுந்தது. அத்தான் காதில் சத்தம் குறையும் என்பது மட்டும்தான் விழுந்தது.

சொந்த வீடு கட்டுகிறவர் மாதிரி வேலை செய்தார். காலி இடுக்குகளுக்கெல்லாம் தகடு வைத்துத் திருகினார். தரையில் வயர் இறங்குகிற ஓட்டைகளில் ஸ்பாஞ்சு அடைத்தார். குளிர்ந்த காற்று வருகிற துளைபோட்ட தரைப்பலகைகள் சில, சூடான பக்கத்தில் வீணாகக் கிடந்தன. அவற்றைப் பெயர்த்து முன்பக்கம் போட்டார். கடைசியில் கூரையிலிருந்து தரை வரை தடித்த பிளாஸ்டிக் திரை. முட்டியெல்லாம் சிராய்ப்பு.

“என் வீட்டுக் கொசுவலையை ஒருநாளாவது இவ்வளவு அக்கறையா கட்டித் தந்திருக்கீங்களா அத்தான்?” என்று அவர் காதோரம் கத்தினேன்.

“இது முடியட்டும் மச்சினி. அப்புறம் என் பொண்ணு ரகசியம் பேசினாக்கூட எனக்குக் கேக்கும்.”

வேலை முடிந்த அன்றைக்கு டீ எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். அம்மாடி! என் கேன்டீன் ஃபிரிட்ஜ் அளவுக்குத்தான் ஒரு முனகல். சுவிட்சைத் தொடக்கூட இல்லை. சாதாரணமாக “அத்தான், டீ” என்றேன். முதுகைக் காட்டிக்கொண்டு திரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். “அத்தான்!” என்று குரலை உயர்த்தினேன். திரும்பவில்லை. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டேன்.

“பாரு மச்சினி, எல்லாத்தையும் அடைச்சாச்சு. சத்தம்தான் ஏன் இன்னும் குறையலன்னு தெரியல” என்றார்.

சத்தம் இப்போது அறையில் இல்லை, அவர் தலைக்குள் இருந்தது. அக்கா டாக்டரிடம் கூட்டிப்போனாள். முன்னமே வந்திருக்க வேண்டும் என்றார்களாம்.

பில் குறைந்த சந்தோஷத்தில் மேனேஜர் பெரிய அதிகாரிகளை அழைத்துவந்து அந்த அறையைச் சுற்றிக் காட்டினார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று காட்ட அலாரத்தையும் அடித்துக் காட்டினார். வந்தவர்களெல்லாம் காதைப் பொத்திக்கொண்டார்கள். அலாரத்துக்கு நேர் கீழே நின்று அத்தான் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் என்ன? ஒரு செவிப் பரிசோதனை, ஒரு கும்பிடு, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

“அலாரம் கேக்காத ஆளை எப்படிம்மா வச்சிருக்க முடியும்? ரூல்ஸ்” என்றார் மேனேஜர், என் கவுண்டரிலேயே நின்றுகொண்டு.

“மூடி கேட்டப்போ அலாரம் கேக்கணும்னீங்க. இப்ப அலாரம் கேக்கலன்னு அனுப்புறீங்க. அந்தக் காது எங்க சார் போச்சு? உங்க ரூம்லதானே போச்சு?”

டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர்தான். அப்புறம் என் கடைப்பக்கம் வரவில்லை. வராவிட்டால் போகட்டும்.

அந்த இடத்துக்கு மேனேஜரின் அக்கா மகன் வந்தான். முதல் தடவை அவனுக்கு டீ கொண்டுபோனபோது, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, காதில் பெரிய ஹெட்ஃபோன் மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். பழைய மாதிரியே லைட்டை அணைத்துப் போட்டேன். ஒரு காதை மட்டும் விலக்கினான்.

“ஏம்ப்பா, அலாரம் அடிச்சா எப்படிக் கேக்கும்?”

“அதுக்குத்தான் லைட் இருக்கே அக்கா. அலாரம் அடிச்சா அதுவும் சேர்ந்து எரியும். நான் சேர்ந்த அன்னைக்கே மாமா மாட்டிக் கொடுத்துட்டாரு.”

எதிர்ச் சுவரில் சின்னதாக ஒரு சிவப்பு பல்பு இருந்தது. அவ்வளவுதான்.

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் காதருகே குனிந்து, ஹெட்ஃபோனையும் பல்பையும் ஒன்றுவிடாமல் கத்திச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! அவர் கேட்டது ஒன்றுதான்.

“கண்ணுக்குப் படுற இடத்துலதானே மாட்டியிருக்காங்க? திரைக்குப் பின்னாடி நின்னாலும் தெரியணுமே.”

அட பாவி மனுஷா என்று தலையில் அடித்துக்கொண்டேன். என் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த மகள் அவர் தோளில் கை வைத்தாள்.

“விடுங்கப்பா. நீங்க அந்த ரூமையே நினைச்சுக்கிட்டு இருக்காதீங்க.”

“என்னம்மா?”

மறுபடி சொன்னாள்.

“என்னம்மா?” என்று அவள் முகத்தையே பார்த்தார்.

“ஒண்ணுமில்லப்பா” என்றுவிட்டு அவள் உள்ளே போனாள்.