முதல் பக்கத்தில் ஒரு கறுப்பு நூல்

பாக்கியம் அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு கேள்வியாகத்தான் வந்தது. தெருக்குழாயிலிருந்து திரும்பிய அம்மா, இடுப்புக் குடத்தை இறக்காமலே வாசலில் நின்று கேட்டாள்.

"பாக்கியம் குடுத்த புத்தகம் ஏதாச்சும் வீட்டுல இருக்கா?"

"இல்லம்மா."

ஏன் கேட்கிறாள் என்று தெரியாமலே சொன்ன பொய் அது. அவள் கடைசியாகத் தந்த புத்தகம் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது.

"இருந்தா அடுப்புல போடு. விடிகாலையில அவ போயிட்டா. காசமாம். ஒரு வருசமாவே இருந்திருக்கு, மூடி மறைச்சிட்டாங்க."

சுங்கை பினாங் ஆற்றோர வீடுகளில் அக்காவிடம் புத்தகம் வாங்கிப் படித்த உங்கள் ஆறு பேருக்கும் இதை எழுதுகிறேன். என்னையும் சேர்த்து ஏழு பேருமே வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவர்கள். எனக்கு வாய் திறந்து நாலு வார்த்தை பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும், அதனால்தான் இந்த நோட்டில் எழுதி அனுப்புகிறேன். உங்கள் அம்மாக்களும் அதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். நீங்களும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

அக்காவின் அப்பா துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வரும் புத்தகக் கட்டுகளில் நனைந்ததையும் கிழிந்ததையும் சூலியா தெருப் புத்தகக் கடைக்காரர் ஒதுக்கிவிடுவார். அவை அப்பா வழியாக அக்காவின் தகரப் பெட்டிக்கு வந்து சேரும். அக்கா கோந்து தடவி, அட்டை போட்டு வைப்பாள். ராஜாக்களின் போர்க் கதைகளும் கடல் பயணக் கதைகளும்தான் வைத்துக்கொள்வாள். குடும்பக் கதை வேண்டும் என்று நம் கமலா ஒருமுறை கேட்டாள். "அழுவுற மருமக கதை உன் வீட்டுலயே ஓடுது. அத அச்சுல வேற படிக்கணுமா?" என்றாள் அக்கா. கமலாவின் அண்ணியும் அங்கேதான் நின்றிருந்தாள். அவள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

யாருக்கு எந்தப் புத்தகம் என்று அக்கா எங்கள் முகத்தைப் பார்த்தே முடிவு செய்வாள். எனக்கு முதலில் தந்தது ஒரு கோட்டை முற்றுகைக் கதை. "இதுல உன்ன மாதிரி வாயே தொறக்காத ஒருத்தி இருக்கா. கோட்டைக் கதவ அவதான் தொறக்கப்போறா. நல்லதுக்கா கெட்டதுக்கான்னு சொல்லமாட்டேன்லா" என்றாள். அன்றே பாதியைப் படித்துவிட்டேன்.

கறுப்பு நூலை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு கதையில் மிக மோசமானது எந்தப் பக்கத்தில் வருகிறதோ, அந்தப் பக்கத்தில் ஒரு நூலை வைத்துத்தான் கொடுப்பாள். என்ன நடக்கும் என்று சொல்லமாட்டாள், எங்கே நடக்கும் என்று மட்டும் காட்டிவிடுவாள். "தெரிஞ்சு போறவளுக்குக் கால் நடுங்கும். ஆனா விழமாட்டா" என்பாள்.

என் தங்கை செல்லத்துக்கு ஒன்பது வயது. அவளுக்கு அக்கா ஒரு கப்பல் கதையைக் கொடுத்தாள். நூலைக் கண்டு பயந்து செல்லம் புத்தகத்தைத் தொடவே இல்லை. பாவமாக இருந்ததால் நூலை உருவிக் கடைசிப் பக்கத்தில் வைத்தேன். செல்லம் தைரியமாகப் படித்துக்கொண்டே போனாள். நடுவில், பட்டினி கிடந்த மாலுமிகள் தாங்கள் வளர்த்த நாயையே கொல்லும் இடம் வந்தது. இரண்டு நாள் அவள் சோறு தின்னவில்லை. அக்கா என்னைக் கூப்பிட்டு விட்டாள். தலைகுனிந்து நின்றேன்.

"நூல எடுத்துட்டா நாய் பொழச்சிடுமா?" என்று மட்டும் கேட்டாள்.

போன தீபாவளிக்குப் பிறகு அவள் முறை மாறியது. வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டு, சன்னல் வழியாகக் கொடுக்கத் தொடங்கினாள். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினால் கோபம் வந்தது. மூன்று நாள் வெயிலில் வைத்த பிறகே படிக்க வேண்டும் என்றாள்.

"என்னக்கா, புத்தகம் என்ன அப்பளமா?" என்றாள் கமலா.

"பூச்சி வந்திருச்சுடி" என்று அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலானது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். வெகுநேரம் திரும்பவே இல்லை. சிரித்துப் புரையேறிவிட்டது என்று நினைத்து நாம் வெளியே நின்று இன்னும் சிரித்தோம்.

ஒரு மாதத்துக்கு முன் கடைசியாகப் போனேன். விசிறிக் காம்பால் ஒரு புத்தகத்தைச் சன்னல் விளிம்புக்குத் தள்ளினாள். எடுத்துத் திறந்தேன். கதை தொடங்கும் முதல் பக்கத்திலேயே கறுப்பு நூல். முதல் பக்கத்தில் அப்படி என்ன நடக்கும்? ஓர் ஊரும் ஒரு மலையும்தான் இருந்தன. நூலைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன்.

"என்ன பாக்குற? கேக்கணும்னா கேளு."

கேட்க வாய் வரவில்லை. நூல் நழுவி வந்திருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, "சரி, போ" என்று சன்னலைச் சாத்தினாள்.

அந்த நூல் கதைக்கு வைத்ததல்ல, புத்தகத்தைத் தொடுகிற எனக்கு வைத்தது. அம்மா குடத்தோடு நின்ற அந்தக் காலையில்தான் எனக்கு அது புரிந்தது.

அடக்கம் முடிந்த மாலையில் அவளுடைய அப்பா தகரப் பெட்டியை ஆற்றங்கரைக்குத் தூக்கிப்போய் மண்ணெண்ணெய் ஊற்றினார். ஒருகாலத்தில் கடல்நீர் பட்ட தாள்கள் எளிதில் பற்றவில்லை. புகை தரையோடு ஊர்ந்து நம் வீடுகளுக்குள் வந்தது. அம்மாக்கள் சேலைத் தலைப்பால் பிள்ளைகளின் மூக்கைப் பொத்தினார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆசைதான். சொல்லியிருந்தால் அது சரியா என்று இப்போதும் தெரியவில்லை.

நேற்று செல்லம் அரிசி எடுக்கப் போய் அந்தப் புத்தகத்தோடு வந்தாள். "அக்கா, இது என்ன கதை? நூல் எந்தப் பக்கத்துல?" என்று கேட்டாள். விரலை நாக்கில் வைத்துப் பக்கம் புரட்டப் போனாள்.

"கீழ வை" என்று கத்தினேன். என் குரலை நானே அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை. "பாக்கியம் அக்கா தொட்டது அது. அந்தக் காசத்துலதான் அவங்க செத்தாங்க."

செல்லம் அதைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "நீயும் தொட்டியே?"

அம்மா அடுக்களையிலிருந்து வந்து நின்றாள். அவளிடம் முதலில் மோசமானதைச் சொன்னேன். நான்கு நாளாக எனக்கு இருமல். பிறகு, பொய் சொன்னதைச் சொன்னேன். அம்மா திட்டவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். புத்தகம் அடுப்புக்குப் போனது. நாளைக் காலை என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாள்.

உங்களிடம் இருக்கும் புத்தகங்களை என்ன செய்வதென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இருக்கிறதா என்று கேட்பவளிடம் இல்லை என்று பொய் சொல்லாதீர்கள். யாருக்காவது படிக்கக் கொடுப்பதாக இருந்தால், யார் கையிலிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிக் கொடுங்கள்.

இந்த நோட்டின் அட்டையில் 'மூன்று நாள் வெயிலில் வைக்கவும்' என்று எழுதியிருக்கிறேன். கமலா சிரிக்க வேண்டாம். அடுப்பில் போடுவதற்கு முன் அந்த நூலை மட்டும் உருவிக்கொண்டேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அதையும் நான் வைத்துக்கொள்ளவில்லை. இந்த நோட்டைத் திறந்தபோது முதல் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள்.